7. வந்த நன்மையை வரவேற்பது எப்படி?

எந்தச் சபையிலாவது ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஆபரேஷன், வேலை, வரன், வீட்டுக்கடன், கணவரின் குடி, மகனின் விசா என்று சீட்டுகள் குவிந்திருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வேலை கிடைத்துவிட்டது என்று எழுதிய சீட்டு அபூர்வம். இதை வைத்து நம் ஜனங்களை நன்றி கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. லூக்கா 17-இல் சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரையும் பிரசங்க மேடைகள் காலங்காலமாகத் திட்டித் தீர்த்திருக்கின்றன. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால், ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்ன வேலையைத்தான் அவர்கள் செய்யப் போனார்கள். அது முடிந்ததும் வீடு, பெண்டாட்டி பிள்ளைகள், விட்டுப்போன தொழில் எல்லாம் காத்திருந்திருக்கும். நன்மை வந்த கையோடு அடுத்த வேலையும் வந்துவிடுகிறது. நம் வீட்டில் மகள் பிளஸ் டூ பாஸான அன்று மாலையே கவுன்சிலிங் கவலை தொடங்கிவிடுவதில்லையா? நகைக்கடனை அடைத்து வளையலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஸ்கூல் ஃபீஸ் பேச்சு வந்துவிடுகிறது.

சென்ற அத்தியாயத்தில் காத்திருப்பதைப் பற்றிப் பார்த்தோம். காத்திருந்தது கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பது இந்த அத்தியாயம். கேட்பதற்கு நமக்கு உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம், சங்கிலி ஜெபம் என்று எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. பெற்றுக்கொள்வதற்கும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும்.

ஏன் மறைக்கிறோம்?

முதல் காரணம், கண் பட்டுவிடும் என்ற பயம். நாம் வாசலில் பூசணிக்காய் உடைப்பதில்லை, எலுமிச்சம்பழம் கட்டுவதில்லை. ஆனாலும் "இப்போ யாருக்கும் சொல்லாதே, எல்லாம் கையில் வந்தபிறகு சொல்லிக்கலாம்" என்ற வாக்கியம் விசுவாசிகள் வீட்டுச் சமையலறையிலும் கேட்கத்தான் செய்கிறது. கர்ப்பத்தை மூன்று மாதம் வரை பெரியவர்கள் நாலு பேருக்குள் வைத்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். நான் சொல்வது, ரொம்பச் சிரித்தால் அழ வேண்டிவரும் என்று பயந்து சிரிப்பையே அடக்கிக்கொள்வதை. அந்தப் பயத்துக்குள் ஒரு கடவுள் ஒளிந்திருக்கிறார். வலதுகையால் கொடுத்துவிட்டு இடதுகையால் பறிக்கக் காத்திருக்கும் கடவுள் அவர். இயேசு காட்டிய தகப்பன் அப்படிப்பட்டவர் இல்லை. லூக்கா 15-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஆடு கிடைத்த மேய்ப்பன் சிநேகிதரையும் அயலாரையும் கூப்பிடுகிறான். வெள்ளிக்காசு கிடைத்த பெண் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுகிறாள். மகன் திரும்பி வந்த தகப்பனோ கன்றையே அடித்து விருந்து வைக்கிறார். மூன்று கதைகளிலும் கிடைத்ததை ஒளித்து வைத்தவர் யாரும் இல்லை.

இரண்டாவது காரணம், பெருமை வந்துவிடுமோ என்ற கூச்சம். இது நல்ல உள்ளம் படைத்தவர்களுக்கு வரும் கூச்சம். அதனால்தான் அதைக் களைவது கஷ்டம். டிஎன்பிஎஸ்சி தேர்வில் தேறிய பெண்ணைப் பாராட்டினால், "நான் ஒண்ணுமே செய்யலை, எல்லாம் கர்த்தர்" என்கிறாள். காலை நாலு மணிக்கு எழுந்து படித்தது யார்? பவுல் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில், மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விடத் தாம் அதிகமாகப் பாடுபட்டதை அவர் மறைக்கவில்லை. அதே மூச்சில் அது தமக்குள் இருந்த கிருபையின் வேலை என்றும் சொல்லிவிடுகிறார். உழைப்பையும் கிருபையையும் சேர்த்தே சொல்லலாம். மரியாளும் தனக்கு நடந்தது பெரிய காரியம் என்பதை எலிசபெத்தின் வீட்டில் வாய்விட்டுத்தான் சொன்னாள். எல்லாச் சந்ததியும் தன்னைப் பாக்கியவதி என்று சொல்லும் என்று ஒரு கிராமத்துப் பெண் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவளைத் தாழ்மையில்லாதவள் என்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது காரணம், சொன்னால் சொந்தக்காரர்கள் கைமாத்து கேட்பார்கள் என்பது. அதற்குத் தீர்வு எளிது. வேலை கிடைத்ததைச் சொல்லுங்கள், சம்பளத்தைச் சொல்லாதீர்கள்.

பேதுரு வாசலில் நிற்கிறார்

நன்மையைக் கொண்டாடுவதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அது நன்மைதான் என்று நம்ப வேண்டும். நீண்ட நாள் ஏமாந்தவர்களுக்கு இதுவே பெரிய வேலை.

அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறான். மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளுடைய வீட்டில் இரவு நேரத்தில் சபை கூடி ஊக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறது. எதற்காக? பேதுருவுக்காக. அந்தப் பேதுருவே வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். அவள் சாதிக்கிறாள். அப்படியானால் அது அவருடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். சிறைச்சாலையின் இரும்புக் கதவு தானாகத் திறந்தது. ஜெப வீட்டின் கதவு திறக்கவில்லை. இதை எழுதிய லூக்காவுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

அந்த வீட்டிலிருந்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. யாக்கோபுக்காகவும் அவர்கள் ஜெபித்திருக்கத்தானே வேண்டும்? ஒரு மரணத்தைச் சுமந்துகொண்டிருக்கும் மனது அடுத்த நல்ல செய்தியை எளிதில் உள்ளே விடாது. யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்று மகன்கள் வந்து சொன்னபோது கிழவர் யாக்கோபின் நெஞ்சு மரத்துப்போனதும் அப்படித்தான். எகிப்திலிருந்து யோசேப்பு அனுப்பிய வண்டிகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்த சீஷர்களும் சந்தோஷத்தினாலேயே நம்ப முடியாமல் தவித்தார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொண்டு நிற்கவில்லை. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார்.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகச் சில காரியங்கள் உண்டு. ஜெபிக்கும்போதே பதில் எந்த உருவத்தில் வரலாம் என்று யோசித்து வையுங்கள். "மகனுக்கு நல்ல வேலை" என்று கேட்பவர், கேட்ட ஊரில் இல்லாமல் வேறு ஊரில், கேட்ட துறையில் இல்லாமல் பக்கத்துத் துறையில் வேலை வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வாரா? முன்கூட்டியே யோசிக்காதவர்கள், வாசலில் நிற்பவரை வேறு யாரோ என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, செய்தி கொண்டுவருபவர் யார் என்று பார்த்து எடை போடாதீர்கள். வேதத்தில் நல்ல செய்தி வந்த வாய்களைக் கணக்கெடுத்தால் ஆச்சரியமாக இருக்கும். படைத்தலைவன் நாகமானுக்குக் குணமாக வழி சொன்னவள் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சின்னப் பெண். சமாரியாவுக்கு முற்றுகை முடிந்ததைச் சொன்னவர்கள் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட நாலு குஷ்டரோகிகள். கல்லறை வெறுமையாக இருப்பதைச் சொன்னவர்கள் பெண்கள். அப்போஸ்தலர்கள் அதை வீண்பேச்சாக எண்ணினார்கள். நம் வீடுகளில் நல்ல யோசனையும் நல்ல தகவலும் மருமகளிடமிருந்தோ, கடைக்குட்டியிடமிருந்தோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமிருந்தோ வந்தால் நாம் என்ன செய்கிறோம்?

விசாரித்துப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல

நல்ல செய்திக்கு மனதைத் திறந்து வைக்கச் சொல்கிறேன் என்பதற்காக, வருவதையெல்லாம் விழுங்கச் சொல்வதாக நினைக்க வேண்டாம். லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் குறுஞ்செய்தி, கனடா வேலை உறுதி என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்ட், உங்கள் வீட்டுக்கு ஒரு அற்புதம் வருகிறது, அதற்கு முன் இவ்வளவு காணிக்கை அனுப்புங்கள் என்று போனில் தீர்க்கதரிசனம் சொல்பவர் எல்லாரும் நல்ல செய்தியின் வேஷத்தில்தான் வருகிறார்கள். முன்பணம் கேட்கும் வாக்குத்தத்தத்தைத் தயங்காமல் நிராகரியுங்கள். நாகமான் குணமான பிறகு கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் எலிசா தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு என்ன கிடைத்தது என்பதை 2 இராஜாக்கள் 5-இல் பார்க்கலாம்.

அதற்கடுத்த அதிகாரங்களில் வரும் சமாரியா முற்றுகை இந்த விஷயத்தில் நல்ல பாடம். பஞ்சத்தில் ஒரு கழுதைத் தலை 80 வெள்ளிக்காசுக்கு விற்ற ஊர் அது. நாளைக்கு இந்நேரம் நகர வாசலில் மாவு மலிவாக விற்கும் என்று எலிசா சொன்னபோது, ராஜாவின் பிரதானி ஒருவன் பரியாசம் பண்ணினான். அன்று இரவு சீரியர் பாளயத்தைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவிட்டார்கள். குஷ்டரோகிகள் சொன்ன செய்தி அரண்மனைக்கு வந்தபோது ராஜாவும் நம்பவில்லை; இது சீரியரின் தந்திரம் என்றான். ஆனால் ஊழியக்காரரில் ஒருவன் சொன்ன யோசனைப்படி, எஞ்சியிருந்த குதிரைகளில் இரண்டை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னான். போனவர்கள் யோர்தான் மட்டும் போய், வழியெல்லாம் வஸ்திரங்களும் தட்டுமுட்டுகளும் கிடப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். சந்தேகப்பட்ட ராஜாவும் விசாரித்ததால் பிழைத்தான். பரியாசம் பண்ணிய பிரதானியோ மாவு விற்பதைக் கண்ணால் பார்த்தும் அதில் ஒரு பிடி சாப்பிடாமல், கூட்டத்தில் மிதிபட்டுச் செத்தான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நியமன உத்தரவு உண்மைதானா என்று அந்த அலுவலகத்துக்கே போன் பண்ணிக் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் சந்தேகமாயிருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். விசாரித்து உண்மை என்று தெரிந்த பிறகும் "எங்கே நமக்கெல்லாம்…" என்று இழுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. அது வருஷபலன் சீட்டு இல்லை. நல்ல வசனம் வந்தது என்று குதிப்பதும், எச்சரிக்கை வசனம் வந்துவிட்டது என்று இன்னொன்று எடுப்பதும் சிறுபிள்ளைத்தனம்.

உறையில் என்ன எழுதுவது?

ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு பொது ஜெபப் புத்தகத்தில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. மழைக்காக விண்ணப்பம் இருக்கிறது; மழை பெய்தபின் சொல்ல வேண்டிய ஸ்தோத்திரமும் தனியாக இருக்கிறது. பஞ்சம், யுத்தம், கொள்ளைநோய் ஆகியவற்றுக்கும் கேட்பதற்கு ஒன்று, நன்றிக்கு ஒன்று என்று இணைத்து வைத்திருக்கிறார்கள். நார்விச் பேராயர் எட்வர்ட் ரெனால்ட்ஸ் எழுதிய பொது ஸ்தோத்திரத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு பகுதி வரும். சபை யாருக்காக ஜெபித்ததோ அவர் நன்றி சொல்ல விரும்பினால் அன்று மட்டும் அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஓரக்குறிப்பு. கேட்டபோது சபையாகக் கேட்டோம், ஆகவே நன்றியையும் சபையாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

நம் சபைகளில் இதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை உறை இருக்கிறது. ஐயரோ உபதேசியாரோ பெயரையும் காரணத்தையும் வாசிப்பார். பெரும்பாலான உறைகளில் "கர்த்தர் செய்த நன்மைகளுக்காக" என்றுதான் இருக்கும். அது போதாது. "மூன்று வருடமாக அடகிலிருந்த வளையலை மீட்டதற்காக", "அப்பா கையைப் பிடிக்காமல் பத்தடி நடந்ததற்காக", "மகன் அரியர் எல்லாம் முடித்ததற்காக" என்று எழுதுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் வாசிப்பவர் குரலிலேயே சிரிப்பு வரும். கேட்பவருக்கும் தன் வீட்டில் நடந்தது ஒன்று ஞாபகம் வரும். சொல்லக் கூச்சமான காரியமாக இருந்தால் பெயரை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எழுதலாம். குடியை விட்டு நூறு நாள் ஆனவர் பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அந்த நூறு நாளைச் சபை கேட்டால் போதும்.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் அங்குள்ள காணிக்கை அருங்காட்சியகத்தை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். வெள்ளியில் செய்த கண், கை, கால், குழந்தை பிறந்ததற்கு வைத்த தொட்டில், சான்றிதழ் நகல்கள், நன்றிக் கடிதங்கள் என்று சாதாரண ஜனங்களுக்கு நடந்த நன்மைகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோயிலே புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றியாகக் கட்டியது என்பதுதான் மரபு. சீர்திருத்த சபைக்காரர்களுக்கு அந்தக் காணிக்கை முறையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் எந்த நன்மைக்கு நன்றி என்பதைப் பொத்தாம்பொதுவாக விடாமல் கையால் தொடும்படி சொல்லும் அந்தப் பழக்கம் எல்லாருக்கும் பொருந்தும்.

அடுத்தது பங்கு. எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழுதபோது, நெகேமியாவும் எஸ்றாவும் லேவியரும் அழுகையை நிறுத்தச் சொன்னார்கள். கொழுமையானதைச் சாப்பிட்டு, மதுரமானதைக் குடித்து, ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்குப் பங்கு அனுப்பச் சொன்னார்கள். உபாகமம் 26-இல் முதற்பலன் கொண்டுவருகிறவனும் தனியாகச் சந்தோஷப்பட முடியாது. லேவியனையும் ஊரிலிருக்கும் அந்நியனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் அசனப் பண்டிகை இந்த வழியில் வந்ததுதான். பெரிய வீட்டுக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே பந்தி, ஒரே குழம்பு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. சிரிப்பும் கூச்சலுமாக நடக்கும் அந்த ஏலமும் ஆராதனையின் தொடர்ச்சிதான் என்பது என் கட்சி. அமைதியாக நடந்தால்தான் பக்தி என்பவர்கள் அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி சொல்வேன்: கடன் வாங்கிக் கொண்டாடாதீர்கள். கடன் அடைந்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் வைத்து, அதற்கு வாங்கிய பிரியாணிக் கடனை ஆறு மாதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேசரியும் டீயும் போதும். அதிலும் முதல் தட்டு, உங்களுக்காக ஜெபித்தவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அடுத்தது, யாரும் கூப்பிடாத ஒருவருக்கு.

சாட்சி சொல்லும்போது

நம் கூட்டங்களில் சாட்சி நேரம் மெல்லமெல்ல விளம்பர நேரமாக மாறிக்கொண்டிருக்கிறது. சொந்த வீடு, இரண்டாவது கார், அமெரிக்க மாப்பிள்ளை என்று தொகை ஏற ஏற ஆமென் சத்தமும் ஏறுகிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை: அதே பெஞ்சில் அதே ஜெபத்தைப் பன்னிரண்டு வருடமாகச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை மறந்து சொல்லும் சாட்சி, பாதிச் சாட்சிதான்.

அன்னாளின் கதையை நினைத்துப் பாருங்கள். வருஷந்தோறும் சீலோவில் பண்டிகை. எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிறான் எல்க்கானா. பிள்ளை பெற்ற பெனின்னாள் அந்தப் பண்டிகை நாளிலேதான் அன்னாளைக் குத்திக் காட்டி அழவைக்கிறாள். ஒருத்தியின் ஆசீர்வாதம் இன்னொருத்திக்குச் சாப்பாடு இறங்காமல் செய்துவிடுகிறது. பிற்பாடு அன்னாளுக்குப் பிள்ளை பிறந்தபின் அவள் பாடிய பாட்டில் பெனின்னாளின் பெயர் இல்லை. வாய் திறந்து எதிராளியைப் பற்றிப் பேசுகிறாள் என்பது உண்மை. ஆனால் சீக்கிரமே பசித்தவர்கள், எளியவர்கள், புழுதியில் கிடப்பவர்கள் என்று பாட்டு அகலமாகிவிடுகிறது. காத்திருந்தவள் பாடும் பாட்டு என்பது கேட்டால் தெரியும்.

ஆகவே சாட்சி சொல்லும்போது காத்திருந்த காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு ஜெபிக்காமல் இருந்த மாதங்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டாக்டரையும், மருந்தையும், கூடவே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தங்கச்சியையும் விட்டுவிடாதீர்கள். நான் விசுவாசித்தேன், அதனால் கிடைத்தது என்ற சூத்திரத்தைத் தவிருங்கள். கிடைக்காதவருக்கு விசுவாசம் இல்லை என்று அதற்கு மறுபக்கம் இருக்கிறது. ஏரோதின் கையிலிருந்து பேதுரு தப்பினார், யாக்கோபு தப்பவில்லை. அதே அதிகாரத்தில் இரண்டும் இருக்கின்றன. லூக்கா காரணம் சொல்லவில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தோழி உங்களுக்கு இருந்தால், உங்கள் நல்ல செய்தியைக் கூட்டத்தில் முதல்முறையாக அவள் கேட்கும்படி வைக்காதீர்கள். முந்தின நாளே தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும்.

சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் இல்லையே என்பவர்களுக்கு மார்ட்டின் ரிங்கார்ட்டை அறிமுகப்படுத்துகிறேன். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரின் போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1637-இல் வந்த கொள்ளைநோயில் ஆயிரக்கணக்கானவர்களை அடக்கம் செய்தார். அவர் மனைவியும் அதே ஆண்டில் இறந்தார். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் ஒன்று அந்த 1630களில் அவர் எழுதியது. பெரிய வெற்றி விழாவுக்காக அல்ல, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு சொல்லும் ஜெபமாக. மூன்றாவது கீமோ முடிந்தது, இந்த மாதம் வாடகை தேதிக்குக் கொடுத்தாயிற்று, அம்மாவிடம் சண்டை போடாமல் ஒரு வாரம் ஓடியது என்பவையெல்லாம் மேசையில் சொல்லத் தகுந்த வெற்றிகள்தான்.

அடுத்தவர் வெற்றி

அழுகிறவர்களுடன் அழுவது நமக்குக் கைவந்த கலை. துக்க வீட்டுக்குப் போகத் தெரியாத தமிழர் கிடையாது. ஆனால் ரோமர் 12-இல் பவுல், சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படுவதை முதலில் வைத்திருக்கிறார். ஏனென்றால் அதுதான் கடினம் என்று ஆதிச்சபைப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் அந்தக் காலத்திலேயே பிரசங்கித்தார். உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கம்தான் வருகிறது. நல்ல செய்தியை இன்னொருவரிடம் சொல்லும்போது, அந்த நிகழ்ச்சி தந்த சந்தோஷத்துக்கு மேலும் சந்தோஷம் கூடுகிறது. கேட்பவர் ஆர்வமாக விசாரித்தால் உறவும் பலப்படுகிறது என்பது அதில் கண்டது.

கணவர் பிரமோஷன் வந்தது என்கிறார். "சரி, சாப்பிட வாங்க" என்பது ஒரு பதில். "இனி வேலை இன்னும் ஜாஸ்தியாகுமே" என்பது இன்னொன்று. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொன்னாங்க? எப்படிச் சொன்னாங்க? உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பது மூன்றாவது. எலிசபெத்து மூன்றாவது ரகம். மரியாள் வாசலில் நின்று வாழ்த்தியதுமே, வயதான அந்தப் பெண் தனக்கு நடந்த அற்புதத்தை ஓரமாக வைத்துவிட்டு, வந்தவளைப் பார்த்து உரத்த சத்தமாய் ஆனந்தப்படுகிறாள். தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடியதை ஜன்னல் வழியே பார்த்து முகம் சுளித்த அவர் மனைவி மீகாளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் அவளுடைய காயங்கள் இருந்தன. ஆனாலும் அன்று அந்த வீட்டில் கொண்டாட்டம் வாசலோடு நின்றுபோனது.

வெற்றிக்கு மறுநாள்

கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எலியா, அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்கிறார். தேர்வு முடிவு வந்த வாரம், கல்யாணம் முடிந்த வாரம், வீடு பால் காய்ச்சிய வாரம் காரணமில்லாத சோர்வு வந்தால் பயப்படாதீர்கள். எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், இரண்டு தடவை. அதையே செய்யுங்கள்.

எசேக்கியா ராஜாவின் ஆபத்து வேறு. மரணப்படுக்கையிலிருந்து எழுந்தவரைப் பார்க்கப் பாபிலோனிலிருந்து ஆள் வந்ததும், குளிர்ந்துபோய்த் தன் பொக்கிஷசாலையில் இருந்த எல்லாவற்றையும் காட்டினார். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடத்தில் சொத்துக் கணக்கு வந்துவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புது வீட்டின் ஒவ்வொரு அறையையும் போடுமுன் ஏசாயா 39-ஐ ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம்முடைய ஆன்மிகப் பயிற்சிகளில் சொல்லும் யோசனை இந்த இரண்டு பேருக்கும் உதவியிருக்கும். மனம் ஆறுதலில் நிறைந்திருக்கும்போதே, பின்னால் வரப்போகும் வறட்சியில் எப்படி நடந்துகொள்வோம் என்று யோசித்து, அதற்கான பலத்தைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார். சேர்த்து வைப்பதற்கு எழுதுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. யோர்தானைக் கடந்த யோசுவா, பின்னால் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காக ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார். நம் தாத்தா பாட்டிமார் குடும்ப வேதாகமத்தின் வெற்றுப் பக்கங்களில் பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, நடந்தது என்ன, கூட இருந்தவர்கள் யார். மூன்று வரிக்குமேல் வேண்டாம். மொபைலில் எழுதினால் மொபைலோடு போய்விடும், பேனாவால் எழுதுங்கள். டிசம்பர் 31 அன்று நள்ளிரவு ஆராதனைக்குக் கிளம்புமுன் வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்து அதை வாசியுங்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே. சென்ற வருட ஜெபக் குறிப்பை எடுங்கள். கிடைத்தவற்றுக்கு எதிரே தேதி போடுங்கள். அவற்றில் இன்னும் நன்றி சொல்லாதது ஒன்றாவது இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை உறையில் அதன் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். அதற்காக உங்களோடு ஜெபித்தவருக்கு ஆராதனைக்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.